கடவுச்சொல்லை ஏற்காத சேர்வர்: உப்புவெளி விடுதியொன்றில் லினக்ஸ் கொன்சோல் விசையமைப்புக் கோளாறு

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையை ஒட்டிய ஒரு விருந்தினர் விடுதி. அறைப் பதிவும் கணக்கும் ஒரு சிறிய பாவித்த மேசைக் கணினியில் ஓடுகின்றன. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12, வரைகலைச் சூழல் கிடையாது, கொன்சோல் எனப்படும் கறுப்புத் திரையும் எழுத்தும் மட்டும். விருந்தினரின் கடவுச்சீட்டு விபரங்கள் இருப்பதால் வட்டு முழுவதும் லக்ஸ் எனும் மறைகுறியாக்க முறையில் பூட்டப்பட்டிருக்கிறது. அன்றாட வேலை எல்லாம் வரவேற்பு மேசையில் உள்ள மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (வலையமைப்பு மூலம் இன்னொரு கணினிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் முறை) வழியாக நடப்பதால், சேர்வரின் சொந்த விசைப்பலகையை எவரும் தொடுவதே இல்லை. உப்புக்காற்றில் அதன் சில விசைகள் இறுகிப்போனபோது, வேறொரு பாவித்த கணினியோடு வந்த விசைப்பலகையை எடுத்து மாட்டினார்கள். அப்போது எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகொரு மின்வெட்டில் யுபிஎஸ் தாக்குப்பிடிக்காமல் சேர்வர் அணைந்தது. மின்சாரம் வந்ததும் அது வட்டின் பூட்டைத் திறக்கக் கடவுச்சொல் கேட்டது; கொடுத்ததை ஏற்கவில்லை.

கீழே கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்பில் எழுதப்பட்டுள்ளன. திரையில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.

வட்டில் பிழை இல்லை

மூன்று முறை மறுத்ததும் ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது என்று விடுதியினர் முடிவு கட்டினார்கள். பார்க்க வந்த திருத்துநர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவலாம் என்றார். அதைச் செய்திருந்தால் தரவு மீண்டிருக்காது. பூட்டின் திறவுகோல் விபரங்கள் இருக்கும் லக்ஸ் தலைப்பகுதி மேலெழுதப்பட்டுவிட்டால், சரியான கடவுச்சொல் கையில் இருந்தும் பயன் இல்லை.

திரையில் வந்த செய்தியை நிதானமாகப் படித்தால் அது நல்ல செய்தி. தலைப்பகுதியை வாசித்து, கொடுத்த சொல்லைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் 'கடவுச்சொல் பிழை' என்று சொல்ல முடியும். வட்டு படிக்க முடியாத நிலையில் இருந்தால் வருவது வேறு வகைச் செய்தி: உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை, அல்லது சாதனமே காணவில்லை என்ற புகார். ஆகவே முதற் கேள்வி வட்டைப் பற்றியதாக இருக்கக் கூடாது. கடைசியாக இந்த இயந்திரம் சரியாகத் துவங்கியதற்குப் பிறகு எது மாறியது? மாறியது விசைப்பலகை. அடுத்த கேள்வி: கடவுச்சொல்லில் ஆங்கில எழுத்தும் எண்ணும் தவிர வேறு குறிகள் உண்டா? உண்டு, @ ஒன்று, # ஒன்று.

இந்த இரண்டு பதில்களும் சேர்ந்தால் பாதி நோயறிதல் முடிந்துவிடும். கேப்ஸ் லொக் எரிகிறதா, சிறிய விசைப்பலகையானால் எண் விசைகளுக்கான 'நம் லொக்' எரிகிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும். சில மடிக்கணினிகளில் நம் லொக் எரிந்தால் ஜே, கே, எல் விசைகள் 1, 2, 3 ஆகிவிடும். இங்கே இரண்டும் அணைந்தே இருந்தன.

விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணைத்தான் அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில் ஏற்றப்பட்டிருக்கும் விசையட்டவணை தீர்மானிக்கிறது. விசையின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது லினக்ஸுக்குத் தெரியாது. சேர்வரின் அட்டவணை அமெரிக்க அமைப்பு. மாட்டப்பட்டதோ பிரித்தானிய விசைப்பலகை. அடையாளம் காண்பது எளிது. பிரித்தானியப் பலகையில் என்டர் விசை இரண்டு வரிசை உயரம் இருக்கும், 3-இன் மேல் பவுண் குறி £ இருக்கும், இடது ஷிஃப்டுக்கும் இசெட்டுக்கும் நடுவே ஒரு கூடுதல் விசை இருக்கும். எங்கள் ஊர்க் கடைகளில் புதிதாக விற்பவை பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு. பாவித்த கணினியோடு வருபவற்றில்தான் இந்தக் கலப்பு நேர்கிறது.

இரண்டு அமைப்புகளும் எங்கே பிரிகின்றன என்பதைக் கேர்னலின் விசை எண்ணோடு வைத்துக்கொண்டால் குழப்பம் வராது:

விசை 3 (எண் 2 உள்ள விசை), ஷிஃப்டோடு: அமெரிக்க அமைப்பில் @, பிரித்தானிய அமைப்பில் "
விசை 40 (எல்லுக்கு வலப்பக்கம் இரண்டாவது), ஷிஃப்டோடு: அமெரிக்க அமைப்பில் ", பிரித்தானிய அமைப்பில் @
விசை 4 (எண் 3 உள்ள விசை), ஷிஃப்டோடு: அமெரிக்க அமைப்பில் #, பிரித்தானிய அமைப்பில் £
விசை 43 (என்டருக்குப் பக்கத்தில்): அமெரிக்க அமைப்பில் \ உம் | உம், பிரித்தானிய அமைப்பில் # உம் ~ உம்
விசை 86 (இடது ஷிஃப்டுக்குப் பக்கத்துக் கூடுதல் விசை): பிரித்தானிய அமைப்பில் \ உம் | உம்; அமெரிக்கப் பலகையில் இந்த விசையே இல்லை

விடுதிக் காசாளர் அச்சைப் பார்த்து @ என்று அழுத்தியபோது கேர்னல் எடுத்துக்கொண்டது ". # என்று அழுத்தியபோது எடுத்துக்கொண்டது \. பூட்டுத் திறக்கும் இடத்தில் தட்டுவது திரையில் தெரியாது என்பதால், எத்தனை முறை கவனமாகத் தட்டினாலும் அதே பிழைதான் திரும்பத் திரும்ப நடக்கும்.

உடனடித் தீர்வு: அச்சைப் பார்க்காமல் அமெரிக்க இடங்களில் அழுத்துவது. @ வேண்டிய இடத்தில் ஷிஃப்டும் 2-உம். # வேண்டிய இடத்தில் ஷிஃப்டும் 3-உம். பூட்டுத் திறந்தது. லொகின் கடவுச்சொல்லிலும் @ இருந்ததால் அங்கும் இதே வழி.

கண்ணால் பார்த்து உறுதிசெய்ய இன்னொரு சின்ன வழி இருக்கிறது. லொகின் பெயர் கேட்கும் வரியில் தட்டுவது திரையில் தெரியும். அங்கே @ # " \ | என்று அச்சில் உள்ளபடி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கலாம், என்டர் அழுத்தாமல் பேக்ஸ்பேஸால் அழித்துவிடலாம். உள்ளே நுழையாமலேயே எந்த அட்டவணை ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றுவதற்கோ மறந்துவிட்டோம் என்று நம்புவதற்கோ முன்னால் இந்தச் சோதனை கட்டாயம் நடக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

எண்ணைப் பார்த்து உறுதிசெய்தல்

உள்ளே நுழைந்த பிறகு ஊகத்துக்கு இடம் வைக்கக் கூடாது. ரூட் (நிர்வாகி) உரிமையோடு 'ஷோகீ' என்று ஓட்டினால், அழுத்தும் ஒவ்வொரு விசைக்கும் எண்ணையும், அழுத்தியதா விட்டதா என்பதையும் காட்டும். பத்து விநாடி எதையும் அழுத்தாமல் விட்டால் தானாக நின்றுவிடும். கொன்ட்ரோல்-சி அங்கே வேலை செய்யாது என்பதால், தெரியாதவர்கள் இயந்திரம் தொங்கிவிட்டதென்று பயப்படுவார்கள். இதைச் சேர்வரின் சொந்தத் திரையில், அதனோடு இணைந்த விசைப்பலகையில் செய்ய வேண்டும். எஸ்எஸ்எச் வழியாக வருவது மடிக்கணினி ஏற்கெனவே எழுத்தாக மாற்றி அனுப்பியது. அதற்கும் சேர்வரின் விசையட்டவணைக்கும் தொடர்பே இல்லை. மடிக்கணினியிலிருந்து எல்லாம் சரியாக வேலை செய்ததும் சேர்வர் முன்னால் உட்கார்ந்தால் எதுவும் சரிவராததும் இதனால்தான்.

2 உள்ள விசைக்கு ஷோகீ 3 என்று காட்டியது. என்டருக்குப் பக்கத்து விசைக்கு 43. எண்கள் சரி, ஆகவே விசைப்பலகையின் மின்சுற்றில் பிழை இல்லை. அடுத்து, ஏறியிருக்கும் அட்டவணையைக் காட்டும் 'டம்ப்கீஸ்' கட்டளையின் வெளியீட்டில் விசை 3-இன் வரியைத் தேடினால் இரண்டாவது நிரலில் 'அட்' (@) என்று இருந்தது. பிரித்தானிய அட்டவணையானால் அங்கே 'குவோட்டெட்பிஎல்' (") என்று இருக்கும். அட்டவணை அமெரிக்கம், பலகை பிரித்தானியம் என்பது இந்த இரண்டு வரிகளால் நிரூபணமாகிறது. உப்புக்காற்றில் விசை பழுதாகியிருந்தால் ஷோகீயில் எண் வராது, அல்லது ஒரு அழுத்தலுக்கு இரண்டு எண் வரும். அதற்கு எந்த அமைப்புக் கோப்பும் மருந்தாகாது.

'எல்கே' என்று எழுதியதும் நடந்தது

இது வரைக்கும் எளிய சங்கதி. இதற்குப் பிறகு திருத்துநர் எடுத்த அடிதான் கோளாறைப் பெரிதாக்கியது. டெபியனிலும் உபுண்டுவிலும் கொன்சோல் விசையமைப்பு /இடிசி/டிஃபோல்ட்/கீபோர்ட் என்ற கோப்பில் இருக்கிறது. மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக அதைத் திறந்தவர், எக்ஸ்கேபி-லேஅவுட் வரியில் 'யுஎஸ்' இருப்பதைக் கண்டு, இலங்கைக்கு 'எல்கே' தானே என்று மாற்றினார். இணையத்தள முகவரியில் பார்க்கும் நாட்டுக் குறியீடு அது, தர்க்கம் புரிகிறது. அதோடு விருந்தினர் பெயரைத் தமிழிலும் தட்டலாம் என்ற ஆசையும் விடுதியினருக்கு இருந்தது. பிறகு சேர்வரின் திரைக்குப் போய், கோப்பில் உள்ள அமைப்பைக் கொன்சோலில் ஏற்றும் 'செட்டப்கொன்' கட்டளையை ஓட்டினார். அந்த நொடியிலிருந்து எந்த விசையை அழுத்தினாலும் திரையில் வெறும் சதுரங்கள்.

எக்ஸ்கேபி எனும் விசையமைப்புத் தொகுப்பில் 'எல்கே' என்பதன் இயல்பான பொருள் சிங்கள ஒலியியல் அமைப்பு. தமிழ் வேண்டுமானால் அதே 'எல்கே'யின் மாற்றுவகையாக 'டாம்_யுனிகோட்' என்று எக்ஸ்கேபி-வேரியன்ட் வரியில் தனியாகக் கொடுக்க வேண்டும். அது தமிழ்99 எனும் தமிழ் விசையமைப்பின் அடிப்படையிலானது. எதுவானாலும் தனியாக வைத்தால் ஆங்கில எழுத்தே வராது. லொகின் பெயர் தட்ட முடியாது, கட்டளை தட்ட முடியாது, போட்ட அமைப்பை நீக்கவும் முடியாது. டெபியனின் 'டிபிகேஜி-ரீகொன்ஃபிகர் கீபோர்ட்-கொன்ஃபிகரேஷன்' வழியாகப் போயிருந்தால், ஆங்கிலமல்லாத அமைப்பைத் தெரிந்ததும் அது 'யுஎஸ்'ஸை முன்னால் சேர்த்து, இரண்டுக்கும் மாற எந்த விசை என்று கேட்டிருக்கும். கோப்பைக் கையால் திருத்துகிறவருக்கு அந்தக் காவல் இல்லை. 'எல்கே,யுஎஸ்' என்று எழுதிவிட்டு எக்ஸ்கேபி-ஒப்ஷன்ஸ் வரியை வெறுமையாக விட்டாலும் நிலைமை அதேதான்: இரண்டாவது அமைப்புக்குத் தாவ விசை இல்லாததால் முதலாவதிலேயே சிக்கிக்கொள்ள நேரும்.

சேர்வர் திரையிலிருந்து வெளியே வர வழி இல்லாதபோது எஸ்எஸ்எச் இருந்தது பெரிய ஆறுதல். மடிக்கணினியிலிருந்து ரூட்டாக 'சிகேபிகொம்ப் யுஎஸ்' கட்டளையின் வெளியீட்டைக் குழாய்க் குறி | வழியாக, அட்டவணையை ஏற்றும் 'லோட்கீஸ்' கட்டளைக்குள் அனுப்பினார்கள். லோட்கீஸுக்குப் பெரிய எழுத்து 'சி' தெரிவைப் போட்டு /டெவ்/டிடிஒய்1 என்று திரையைச் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு சிறு கோடு - வைத்தால் குழாயிலிருந்து வாசிக்கும். விசையட்டவணை எல்லா மெய்நிகர் திரைகளுக்கும் பொதுவானது என்பதால், ஒன்றில் ஏற்றினால் எல்லாவற்றிலும் மாறிவிடும்.

பல வழிகாட்டிகளில் சொல்வதுபோல 'லோட்கீஸ் யுஎஸ்' என்று மட்டும் எழுதினால் டெபியன் 12-இல் கோப்பைக் காணவில்லை என்று சொல்லும். அங்கே ஆயத்த அட்டவணைக் கோப்புகள் 'கொன்சோல்-டேட்டா' என்ற தனிப் பொதியில் இருக்கின்றன, இயல்பாக நிறுவப்பட்டிருக்காது. சிகேபிகொம்ப் அந்தப் பொதி இல்லாமலேயே எக்ஸ்கேபி விவரணையிலிருந்து அட்டவணையை உருவாக்கித் தரும். பெயர்களிலும் ஒரு பொறி உண்டு: ஆயத்த அட்டவணைகளில் பிரித்தானிய அமைப்புக்கு 'யுகே' என்று பெயர், எக்ஸ்கேபியில் 'ஜிபி'. /இடிசி/டிஃபோல்ட்/கீபோர்ட் கோப்பில் 'யுகே' என்று எழுதினால் அப்படி ஒரு அமைப்பே கிடையாது.

கொன்சோலில் தமிழ் ஏன் வராது

விடுதியினர் கேட்டது நியாயமான கேள்வி என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சதுரங்கள் வந்ததற்குக் காரணம் விசையட்டவணையின் பிழையல்ல. அட்டவணை சரியான யுனிகோட் குறியீட்டைத்தான் அனுப்பியது. திரையின் எழுத்துருவில் அந்த எழுத்துக்கு வடிவம் இல்லை. கேர்னலின் எழுத்துத் திரை ஏற்கும் எழுத்துருவில் 256 அல்லது 512 வடிவங்களுக்குத்தான் இடம். டெபியனின் கொன்சோல்-செட்டப் தரும் எழுத்துத் தொகுதிகளில் தாய்லாந்து, லாவோஸ், எத்தியோப்பிய எழுத்துகள் உள்ளன. தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை.

தமிழுக்கு எழுத்து அதிகம் என்பதால் இடம் போதவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247, 256-க்குள்ளேயே அடங்கிவிடும். இடிப்பது வேறிடத்தில். யுனிகோட்டில் 'கோ' என்பது ஒரே குறியீடு அல்ல; 'க' ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, இரண்டும் அடுத்தடுத்து. காட்டும்போது அந்தக் குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னாலும் மறுபாதி பின்னாலும் வர வேண்டும். கேர்னல் திரைக்கு அந்த வேலை தெரியாது. ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம், ஒரு கட்டம், இடமிருந்து வலமாக, வந்த வரிசையிலேயே. அவ்வளவுதான் அதன் கணக்கு. நாமாகவே 247 வடிவத்தையும் வரைந்து எழுத்துருவாக ஏற்றினாலும், இரண்டு குறியீட்டைச் சேர்த்து ஒரு வடிவமாக்க அங்கே ஆளில்லை.

ஆகவே சேர்வரின் கறுப்புத் திரையில் தமிழ் தட்ட முயல வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. தமிழ் வேண்டியவர்கள் வரைகலைச் சூழல் உள்ள மடிக்கணினியில் தட்டி எஸ்எஸ்எச் வழியாக அனுப்பலாம். மடிக்கணினியும் லினக்ஸானால் ஐபஸ் உள்ளீட்டுக் கருவியில் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99-உம் கிடைக்கும், தட்டச்சு பழகியவர்களுக்குக் கைவந்த ரெங்கநாதன் அமைப்பும் கிடைக்கும்.

சேர்வர் திரையில் சதுரமாகத் தெரிகிறது என்பதற்காகச் சேமித்த பெயர் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். 'கோ' என்று தொடங்கும் ஒரு பெயர் உள்ள கோப்பை 'ஓடி' கட்டளைக்குச் சிறிய 'சி' தெரிவோடு கொடுத்துப் பாருங்கள். முதலில் 340 256 225 என்று வந்தால் அது 'க'. அடுத்து 340 257 213 என்று வந்தால் அது ஓகாரக் குறி. இந்த ஆறு எண்களும் இருந்தால் தரவு முழுசாக இருக்கிறது. எந்த மடிக்கணினியில் திறந்தாலும் 'கோ' என்றே தெரியும்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம்: மொழிச்சூழலை (லொகேல்) 'டிஏ_எல்கே' என்று மாற்றினால் தமிழில் தட்டலாம் என்ற நம்பிக்கை. மொழிச்சூழல் விசைப்பலகையைத் தொடுவதே இல்லை. திகதி வடிவம், செய்திகளின் மொழி போன்றவைதான் மாறும். தமிழாக்கம் உள்ள செய்திகள் கறுப்புத் திரையில் சதுரங்களாக வந்து நிற்கும். மடிக்கணினியில் தமிழ்ச் செய்தி வேண்டும், சேர்வர் திரையில் வேண்டாம் என்றால், பயனரின் புரொஃபைல் கோப்பில் 'டெர்ம்' மாறியின் மதிப்பு 'லினக்ஸ்' ஆக இருக்கும்போது மட்டும் 'லேங்' மாறியை 'சி.யுடிஎஃப்-8' ஆக்கும்படி ஒரு நிபந்தனை வைத்தால் போதும்.

பாதித் திருத்தம்

சதுரங்கள் நீங்கியதும் கோப்பில் 'ஜிபி' என்று எழுதி, சேர்வர் திரையில் மறுபடியும் செட்டப்கொன் ஓட்டினார்கள். இதை எஸ்எஸ்எச்சில் ஓட்டினால் நாம் கொன்சோலில் இல்லை என்று சொல்லி ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். சேர்வர் திரையில் @ அழுத்தினால் @ வந்தது. லொகின் கடவுச்சொல்லும் ஏற்கப்பட்டது. முடிந்தது என்று நினைத்தார்கள். அடுத்த மறுதுவக்கத்தில் வட்டுக் கடவுச்சொல் திரும்பவும் மறுக்கப்பட்டது.

விசையமைப்பு ஓர் இடத்தில் மட்டும் இருப்பதில்லை. கணினியைத் துவக்கும் நிரலான கிரப் தனக்கென்று ஓர் அமைப்பு வைத்திருக்கிறது. எவரும் மாற்றாவிட்டால் அது அமெரிக்க அமைப்பு. அதற்கு அடுத்து, வட்டுத் திறக்கு முன் நினைவகத்தில் ஏறும் சிறு தற்காலிக அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ். பூட்டுச் சொல் கேட்பது இங்கேதான். பூட்டிய வட்டுக்குள் இருக்கும் /இடிசி/டிஃபோல்ட்/கீபோர்ட் கோப்பை அதனால் வாசிக்க முடியாது. கடைசியாக இனிட்ராம்எஃப்எஸ் கட்டப்பட்டபோது எடுத்து வைத்த நகலைத்தான் பயன்படுத்தும். வட்டுத் திறந்து முழு அமைப்பும் எழுந்த பிறகே இப்போதைய கோப்பின்படி கொன்சோல் அட்டவணை ஏறுகிறது. ஆகவே பூட்டுச் சொல்லுக்கு அமெரிக்க இடங்கள், அரை நிமிடம் கழித்து லொகினுக்குப் பிரித்தானிய இடங்கள் என்ற விசித்திரம்.

நகலைப் புதுப்பிக்க 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளையைச் சிறிய 'யு' தெரிவோடு ஓட்ட வேண்டும். அதை மட்டும் கொடுத்தால் மிகப் புதிய கேர்னலுக்குத்தான் புதுப்பிக்கும். கிரப் பட்டியலில் இருக்கும் பழைய கேர்னல் பழைய விசையமைப்போடு அப்படியே இருக்கும். பழைய கேர்னலைத் தேடிப் போவது ஏதோ ஒன்று கெட்ட நாளில்தான். அந்த நாளில் இன்னொரு விசையமைப்பையும் சந்திக்க வேண்டாம். 'கே' தெரிவுக்கு 'ஓல்' என்று கொடுத்து எல்லாவற்றுக்கும் கட்டிவிடுவதே பாதுகாப்பு. பிறகு 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்' வெளியீட்டில் 'கேமேப்' என்று தேடினால் அட்டவணைக் கோப்பு உள்ளே இருப்பது தெரியும். எதுவும் வராவிட்டால் 'கொன்சோல்-செட்டப்', 'கேபிடி' ஆகிய பொதிகள் நிறுவப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை இல்லாமல் போனால் கேர்னலோடு பிறந்த அமெரிக்க அட்டவணைதான் மிஞ்சும்.

இதில் இன்னொரு மறைவான ஆபத்து உண்டு. கோப்பை மாற்றிவிட்டு நகலைப் புதுப்பிக்காமல் விட்டாலும், அடுத்த கேர்னல் மேம்படுத்தலின்போது இனிட்ராம்எஃப்எஸ் தானாகக் கட்டப்படும். அப்போது புதிய விசையமைப்பு சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அதுவரை அமெரிக்க இடங்களை மனப்பாடம் செய்து பூட்டைத் திறந்து வந்தவர், மேம்படுத்தலுக்குப் பிறகு எதையுமே மாற்றாமல் வெளியே நிற்பார். விசைப்பலகை மாற்றி வாரங்கள் கழித்து திடீரென்று வட்டு திறக்கவில்லை என்ற புகார் வந்தால், முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

இறுதியாகச் செய்தவை

பிரித்தானிய அமைப்பை நிரந்தரமாக்க வேண்டாம் என்று முடிவானது. கடலோரத்தில் விசைப்பலகை நெடுநாள் நிற்பதில்லை. இது போனால் கடையில் வாங்கப்போவது அமெரிக்கப் பலகைதான். அமைப்பைப் பலகைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, ஊரில் கிடைக்கும் பலகைக்கு ஏற்ப அமைப்பை ஒரே இடத்தில் நிறுத்துவது நல்லது. ஆகவே ஒரு புதிய அமெரிக்க யுஎஸ்பி விசைப்பலகை மாட்டப்பட்டது. கோப்பில் மாதிரி 'பிசி105', அமைப்பு 'யுஎஸ்', மாற்றுவகையும் ஒப்ஷன்ஸும் வெறுமை. செட்டப்கொன் ஓட்டி, எல்லாக் கேர்னல்களுக்கும் இனிட்ராம்எஃப்எஸ் கட்டப்பட்டது.

அதோடு வட்டுக்கு இரண்டாவது கடவுச்சொல் ஒன்று சேர்க்கப்பட்டது. லக்ஸின் புதிய பதிப்பான லக்ஸ்2-இல் கடவுச்சொற்களுக்கு 32 இடங்கள் வரை உண்டு. பழைய லக்ஸ்1-இல் 8. 'கிரிப்ட்செட்டப் லக்ஸ்அட்கீ' என்று ஓட்டி, பழைய சொல்லைக் கொடுத்துப் புதியதைச் சேர்க்கலாம், பழையது அழியாது. புதியது நீளமானது, சிறிய ஆங்கில எழுத்துகள் மட்டுமே கொண்டது. அமெரிக்க, பிரித்தானிய அமைப்புகளில் எல்லாச் சிற்றெழுத்தும் ஒரே இடம். ஜெர்மன் பலகையில் ஒய்யும் இசெட்டும் இடம் மாறும். பிரெஞ்சுப் பலகையில் ஏ, கியூ, டபிள்யூ, இசெட், எம் மாறும், எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டியிருக்கும். இந்த ஆறு எழுத்தையும் எண்களையும் தவிர்த்து அமைத்தால் நான்கு வகைப் பலகையிலும் ஒரே மாதிரித் தட்டலாம். குறிகளை விட்டதால் குறையும் வலிமையை நீளத்தால் ஈடுகட்ட வேண்டும். தொடர்பில்லாத ஆறேழு சொற்களாவது வேண்டும்.

புதிய சொல்லைச் சேர்க்கும்போது அதைச் சேர்வரின் சொந்த விசைப்பலகையில் தட்ட வேண்டும். எஸ்எஸ்எச்சில் தட்டினால் மடிக்கணினியின் அமைப்பில்தான் பதிவாகும். சேர்வர் முன்னால் அதே விசைகள் அதே எழுத்தைத் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மறுதுவக்கம் செய்யாமலே சோதிக்கவும் வழி உண்டு: 'கிரிப்ட்செட்டப் ஓப்பன்' கட்டளையோடு 'டெஸ்ட்-பாஸ்ஃப்ரேஸ்' தெரிவைக் கொடுத்து, பூட்டிய பிரிவின் பெயரைச் சொன்னால், சொல் சரியா பிழையா என்று மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடும், எதையும் திறக்காது, மாற்றாது. இரண்டு சொல்லும் அங்கே ஏற்கப்பட்டன. தலைப்பகுதியின் நகல் ஒன்று 'லக்ஸ்ஹெடர்பேக்கப்' மூலம் எடுக்கப்பட்டு வேறொரு பென்டிரைவில் வைக்கப்பட்டது. அந்த நகலும் அது எடுக்கப்பட்டபோது இருந்த கடவுச்சொல்லும் ஒருவர் கையில் சேர்ந்தால், பின்னாளில் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் வட்டைத் திறக்கலாம் என்பதால் பென்டிரைவைச் சேர்வருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

கடைசிச் சோதனை மறுதுவக்கம்தான், அதையும் இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது: ஒன்று புதிய கேர்னலில், ஒன்று கிரப் பட்டியலின் மேம்பட்ட தெரிவுகளில் இருக்கும் பழைய கேர்னலில். இரண்டிலும் @ உம் # உம் உள்ள பழைய கடவுச்சொல்லை அச்சைப் பார்த்துத் தட்டியபோதே வட்டு திறந்தது, லொகினும் அப்படியே. சேர்வர் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய காகிதத்தில் இரண்டு வரி எழுதப்பட்டிருக்கிறது: விசையமைப்பு அமெரிக்கம், @ ஷிஃப்ட் 2, # ஷிஃப்ட் 3.